கயிற்றில் தொங்கும் பறவை

ஆர்க்டிக் கடலில் இன்று எவ்வளவு தூரத்துக்குப் பனி மூடியிருக்கிறது என்று கேட்டால், செயற்கைக்கோள் படம் உடனே பதில் சொல்லிவிடும். அந்தப் பனி எவ்வளவு தடிமன் என்று கேட்டால்தான் சிக்கல். பரப்பு பெரிதாகக் குறையாமலேயே பனி பாதியாக மெலிந்து போயிருக்கலாம். மேலே இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான்.

மிதக்கும் பனியில் நீருக்கு வெளியே துருத்திக்கொண்டிருப்பது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. 2010-இல் ஐரோப்பா ஏவிய கிரையோசாட்-2 போன்ற செயற்கைக்கோள்கள் இந்தத் துருத்தலை அளந்து, மொத்தத் தடிமனைக் கணக்கிடுகின்றன. துருத்தலில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் தடிமனில் சுமார் 10 சென்டிமீட்டர் பிசகும். அதன்மேல் கொட்டிக் கிடக்கும் வெண்பனி வேறு கணக்கைக் குழப்பும். ஆகவே யாராவது அங்கே போய் அளந்து, செயற்கைக்கோள் சொல்வது சரியா என்று பார்த்தாக வேண்டும்.

அதற்குப் பழைய வழி, பனியில் துளை போட்டு அளவு நாடாவை உள்ளே விடுவது. நாள் முழுக்கத் துளைத்தாலும் சிறு தூரம்தான் நகர முடியும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஆள் ஏறி நின்றால் தாங்கும் பனியை மட்டுமே துளைக்க முடியும். எது மெலிந்துவிட்டதோ, அது கணக்கிலேயே வராமல் போகிறது.

ஜெர்மனியின் ஆல்ஃப்ரட் வேகனர் ஆய்வு நிறுவனம் இதற்காக உருவாக்கிய கருவிக்கு ‘இ.எம். பேர்ட்’ என்று பெயர். மூன்று மீட்டருக்குச் சற்று அதிக நீளம், ஏறத்தாழ 100 கிலோ எடை, டார்பிடோ வடிவம். ‘போலார்ஷ்டெர்ன்’ ஆய்வுக் கப்பலின் மேல்தளத்திலிருந்து ஹெலிகாப்டர் நேராக எழும்பும். 20 மீட்டர் கயிறு விறைத்ததும் ‘பறவை’யும் மெல்லத் தளத்தைவிட்டுக் கிளம்பும். பிறகு பனிக்கு மேலே சுமார் 15 மீட்டர் உயரத்தில் அதை இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் ஒரு மின்காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. பனி மின்சாரத்தை அநேகமாகக் கடத்தாது; உப்பு நீர் நன்றாகக் கடத்தும். அதனால் பனியை ஊடுருவிச் செல்லும் புலம், அடியிலுள்ள கடல்நீரில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அதன் எதிரொலியை இன்னொரு சுருள் வாங்கிக்கொள்ளும்போது, கடல்நீர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். மேற்பரப்பு எவ்வளவு தொலைவு என்பதை லேசர் சொல்லும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், வெண்பனியும் சேர்த்த தடிமன் கிடைக்கிறது. சமமான பனியில் பிழை 10 சென்டிமீட்டர் அளவுதான். பனித்தட்டுகள் மோதி எழும் மேடுகளில் உச்சத் தடிமனை இது குறைத்தே காட்டும். ஆனாலும் சில மீட்டருக்கு ஓர் அளவு வீதம், ஆள் கால்வைக்க முடியாத மெல்லிய பனியின் மீதும் தடையின்றிக் கணக்கு எடுத்துவிடுகிறது.

2001, 2004, 2007 ஆகிய ஆண்டுகளின் கோடை இறுதியில் இப்படி எடுத்த அளவுகளை கடல்பனி ஆய்வாளர் கிறிஸ்டியன் ஹாஸ் குழுவினர் 2008-இல் வெளியிட்டார்கள். வட துருவத்தை ஒட்டிய பகுதியில் சராசரித் தடிமன், 2001-ஐவிட 44 சதவீதம் வரை குறைந்திருந்தது. 2007-இல் அது வெறும் 1.27 மீட்டர். பல கோடைகளைத் தாங்கிய பழம்பனி போய், ஒரே குளிர்காலத்தில் உறைந்த புதுப்பனி அந்த இடத்தைப் பிடித்திருந்தது. அந்தக் காலத்து ஆர்க்டிக் ஆய்வில் இதைவிடக் கவலை தரும் எண்கள் எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

இந்த எண்களுக்குப் பின்னால் விமானியின் கையும் கண்ணும் இருக்கின்றன. மேகம் கவிந்த நாளில் நிழல் விழாது. வானும் தரையும் ஒரே நிறமாகிவிடும். எது மேடு, எது பள்ளம், தான் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று கண் சொல்லாது. கீழே கயிற்றில் ஒரு பாரம் வேறு தொங்குகிறது. கருவியைச் சரிபார்க்க அவ்வப்போது 100 மீட்டருக்கு மேல் ஏறி, மறுபடி தாழ்ந்து, பனியை ஒட்டிப் பறக்க வேண்டும். மூடுபனி இறங்கினால் அன்றைய வேலை அத்தோடு சரி. 2008 மார்ச்சில் அண்டார்க்டிகாவின் நியூமாயர் நிலையத்தருகே போலார்ஷ்டெர்னின் ஹெலிகாப்டர் விழுந்ததில் இருவர் இறந்தனர். 2013 செப்டம்பரில் கனடாவின் ‘அமுண்ட்சன்’ கப்பலிலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் மெக்ளூர் நீரிணையில் விழுந்தது. கப்பலின் தலைவர், விமானி, கடல்பனி ஆய்வாளர் மூவருமே உயிரிழந்தனர். ஆய்விதழ்களில் வரும் வரைபடங்களைப் பார்க்கும்போது இவர்களையும் நினைத்துக்கொள்வது நம் கடமை என்றே எண்ணுகிறேன்.

2019 இலையுதிர் காலத்தில் போலார்ஷ்டெர்ன் வேண்டுமென்றே பனியில் உறைந்து, அதோடு மிதந்து நகர்ந்த ‘மொசைக்’ பயணத்தில், துருவ இரவின் முழு இருட்டிலும் ஹெலிகாப்டர்கள் பறந்தன. லேசர் கருவி பனியின் மேடுபள்ளங்களை வரைந்தது. அகச்சிவப்புக் கேமரா அதன் வெப்பத்தைப் படமெடுத்தது. தடித்த பனியின் மேற்பரப்பு கடுங்குளிராக இருக்கும். புதிதாக உறைந்த மெல்லிய பனியோ அடியிலிருக்கும் கடலின் வெப்பத்தால் சற்றே சூடாகத் தெரியும். கண்ணுக்கு எதுவுமே புலப்படாத மாதங்களிலும் பனியின் விரிசல்களை இப்படிப் பின்தொடர முடிந்தது.

‘பறவை’யை இப்போது விமானங்களும் இழுத்துச் செல்கின்றன. அவை வெகுதூரம் போகும். ஆனால் ஓடுதளம் வேண்டும். ஆளில்லா டிரோன்கள் கேமராவைச் சுமக்கும். 100 கிலோ கருவியைச் சுமந்துகொண்டு நெடுந்தூரம் போக அவற்றால் ஆகாது. கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே, கப்பல் எங்கே நிற்கிறதோ அங்கிருந்தே எழும்பி, அங்கேயே வந்து இறங்கும் வேலைக்கு இன்னமும் ஹெலிகாப்டர்தான்.