இரு நிரைகளுக்கு இடையே

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேலைக் கடற்கரையில் அமைந்துள்ளது கலிபோர்னியா மாநிலம். அம்மாநிலத்தின் பெருநகராகிய லாஸ் ஏஞ்சலஸில் காலையிலும் மாலையிலும் நெடுஞ்சாலைகள் வண்டிகளால் நிறைந்துவிடும். நான்கைந்து நிரைகளாகக் கார்கள் எறும்புபோல ஊர்ந்து செல்லும். சில வேளைகளில் அசையாமலே நிற்கும். அப்போது பின்புறமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வரும். இரு நிரைகளுக்கு நடுவேயுள்ள இடுக்கில் புகுந்து, இருபுறத்துக் கார்களையும் உரசாமல், சிறிது நேரத்தில் முன்னே சென்று மறையும். காரில் அமர்ந்திருப்போருள் சிலர் வியப்பர், சிலர் சினங்கொள்வர். “இவன் செய்வதைச் சட்டம் ஒப்புகிறதா?” என்னும் வினா அவர்தம் உள்ளத்தில் எழுவது இயல்பே.

அந்நாட்டு நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் பெரும்பாலும் 12 அடியாகும். காரின் அகலமோ ஏறத்தாழ 6 அடி. இரு கார்கள் தத்தம் தடத்தின் நடுவே செல்லுமாயின் அவற்றிடையே 5 அடிக்குக் குறையாத வெற்றிடம் எஞ்சும். மூன்றடி அகலமுள்ள வண்டிக்கு அது போதியதே. ஆனால் பக்கத்தில் பெரிய லாரி ஒன்று வந்துவிட்டால், அவ்வழி சுருங்கிவிடும்.

அங்ஙனம் ஊடு செல்வோர் அனைவரும் அவசரக்காரர் என்று எண்ணுதல் பொருந்தாது. மோட்டார் சைக்கிள்கள் பலவற்றின் எஞ்சின் காற்றினாலேயே குளிர்வது. வண்டி நெடுநேரம் நின்றால் அது சூடேறும். இதனினும் பெரிய அச்சம் ஒன்று உண்டு. நிரையின் கடைசியில் நிற்கும்போது பின்னே வரும் கார் மோதினால், காரில் இருப்பவனுக்கு இரும்புக் கூடு காவலாகும். மோட்டார் சைக்கிளில் இருப்பவனுக்கு அக்காவல் இல்லை. அவன் இரு வண்டிகளுக்கு இடையே நசுங்க நேரிடும்.

கலிபோர்னியாச் சட்டம் இதனைப் பற்றி நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. ஊடு செல்லலாம் என்று சொல்லவுமில்லை. கூடாது என்று தடுக்கவுமில்லை. தடுக்கப்படாததைச் செய்தல் குற்றமாகாது என்னும் நெறிப்படி மக்கள் அவ்வாறே சென்று வந்தனர். 2013ஆம் ஆண்டில் அம்மாநில நெடுஞ்சாலைப் போலீசார் இது குறித்துச் சில வழிகாட்டுக் குறிப்புகளை வெளியிட்டனர். மற்ற வண்டிகளின் வேகத்தினும் மணிக்கு 10 மைலுக்கு மேல் விரைதல் வேண்டா. அவ்வண்டிகள் 30 மைலோ அதற்கு மேலோ ஓடும்போது ஊடு செல்லவே வேண்டா என்பன அவற்றுட் சில.

குறிப்புகள் நல்லனவே. ஆயினும் ஒருவர் ஆட்சேபம் எழுப்பினார். பொதுமக்களுக்கு அறிவித்து, அவர்தம் கருத்தைக் கேட்ட பின்னரே அரசாங்க அலுவலகம் எதுவும் விதி செய்தல் வேண்டும் என்பது அம்மாநில முறை. போலீசார் அம்முறையைப் பின்பற்றாமல் விதி இயற்றிவிட்டனர் என்பது அவர் வாதம். 2014இல் குறிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. உயிர் காக்கும் அறிவுரையே ஆனாலும் அதனைச் சொல்வதற்கு உரிமை வேண்டும் என்பது விந்தையாகத் தோன்றலாம். அதிகாரம் எல்லை கடவாதிருக்க அமைந்த காப்பு அது.

இந்நிலையில், பெர்க்கிலி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்து ஆய்வாளர்கள், மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 6,000ஐ ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். விபத்துக்கு உள்ளானோருள் 997 பேர் அப்போது நிரைகளுக்கு ஊடே சென்றவர்கள். அவர்களுள் தலையில் காயமுற்றோர் நூற்றுக்கு 9 பேர். ஏனையோருள் 17 பேர். உயிரிழந்தோரும் ஊடு சென்றோரிடையே குறைவே. பின்னிருந்து மோதப்படுதலும் அவர்களுக்குக் குறைவாயிருந்தது; ஆனால் முன்னே செல்லும் வண்டியின் பின்புறத்தில் தாமே மோதியோர் அவர்களிடையேதான் மிகுதி. இவ்வெண்களைக் கொண்டு ஊடு செல்லுதல் தீங்கற்றது என்று முடிவு கட்டலாகாது. ஆராயப்பட்டவர்கள் அனைவரும் முன்னமே விபத்துக்கு உள்ளானவர்கள். யாதொரு தீங்கும் இன்றி வீடு சேர்ந்தவர் எத்தனை பேர் என்பதை அக்கணக்குக் காட்டாது. ஆய்வாளர் வற்புறுத்தியது வேகத்தைப் பற்றியே: சூழ்ந்துள்ள வண்டிகளினும் 15 மைலுக்கு மேல் விரைந்தால் காயம் மிகுகிறது என்றனர்.

சட்டசபை உறுப்பினர் பில் குவிர்க் கொணர்ந்த மசோதாவிலும் முதலில் வேக வரம்பு இருந்தது. விவாதத்தின்போது அது நீக்கப்பட்டது. 2016 ஆகஸ்டில் கவர்னர் ஜெர்ரி பிரவுன் கையொப்பமிட, 2017 ஜனவரி முதல் நாளன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. நிற்கும் வண்டிகளுக்கோ ஓடும் வண்டிகளுக்கோ இடையே, ஒரே தடத்தினுள், இருசக்கர மோட்டார் சைக்கிளைச் செலுத்துதல் என்று அச்செயலுக்குச் சட்டம் இலக்கணம் வகுத்தது. பாதுகாப்புக் குறிப்புகளை உருவாக்கும் உரிமையைப் போலீசாருக்கு அளித்தது. எத்தனை மைல் வேகம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டது. ஆதலின், நிலைமைக்கு ஒவ்வாத வேகத்தில் ஊடு செல்பவனைப் பொதுவான வேகச் சட்டத்தின்படியே போலீசார் தண்டனைக்கு உட்படுத்துவர். 2018இல் வெளிவந்த புதிய குறிப்புகளிலும் வேக எண் இல்லை. வேகம் கூடக் கூட ஆபத்தும் கூடும். பெரிய வண்டிகளின் அருகே ஊடு செல்லுதல் தவிர்க்கத் தக்கது. சாலையோர ஒதுக்கில் செல்லுதல் சட்டத்திற்கு மாறானது என்று அவை கூறின. மோட்டார் சைக்கிளுக்குத் தீங்கு நேருமாறு வேண்டுமென்றே வழிமறிக்கும் கார்க்காரனும் குற்றவாளியே.

மற்ற மாநிலங்கள் சில இத்துணைத் தூரம் செல்லத் துணியவில்லை. யூட்டா 2019லும் அரிசோனா 2022லும் இயற்றிய சட்டங்களின்படி, நின்றுவிட்ட வண்டிகளுக்கு இடையே மட்டும், அதுவும் மணிக்கு 15 மைலுக்கு மேற்படாமல் செல்லலாம். கலிபோர்னியாவுக்கு அண்டை மாநிலமாகிய நெவாடாவிலோ, வண்டிகள் நின்றாலும் ஓடினாலும் ஊடு செல்லுதல் குற்றம். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகாஸ் நகருக்கு மோட்டார் சைக்கிளில் செல்பவன் எல்லைப் பலகையைக் கண்டதும், அதுவரை தனக்கு வழியாயிருந்த இடுக்கை விட்டு விலகி, ஒரு தடத்துக்குள் சென்று, கார்களின் பின்னே தன் முறைக்குக் காத்து நிற்பான்.