தண்ணீர் கெட்டால் உடனே சொல்லும் கருவி



"தண்ணி தெளிவாத்தானே இருக்குது, இதுல என்னங்க கெடுதல்?" என்று தாய்மார்கள் என்னிடம் கேட்பதுண்டு. வாந்திபேதி, டைபாய்டு, மஞ்சள்காமாலைக் கிருமிகள் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

தண்ணீரைப் புட்டியில் எடுத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினால், கிருமி வளர்ந்து தெரிய 1 முதல் 2 நாள் ஆகிறது. அதற்குள் ஊரே அதைக் குடித்துவிடும். ஓர் ஊரில் குழாய் உடைந்து சாக்கடை கலந்தது. "இது குடிக்க ஏற்றதல்ல" என்று முடிவு வந்த அன்று, அங்கே குழந்தைகள் ஏற்கெனவே பேதியாகிப் படுத்திருந்ததை நான் பார்த்தேன்.

இந்தத் தாமதத்தைப் போக்கத்தான் 'சென்சார்' என்னும் கருவிகளை உருவாக்கி வருகிறார்கள். 2019ஆம் ஆண்டு தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்திலும் சில கிராமங்களில் இவற்றை வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுவது குளோரினுக்காக. கிருமியைக் கொல்வது அதுதான். குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். சாக்கடை கலந்தால் அது செலவாகிக் குறையும். குளோரின் பட்டதும் கருவியில் மிகச் சிறிய மின்சாரம் உண்டாகிறது. குளோரின் குறைந்தால் மின்சாரமும் குறையும். உடனே செல்போனுக்குச் செய்தி போய்விடும். இன்னொரு கருவி தண்ணீரில் ஒளியைப் பாய்ச்சி, கலங்கலை அளக்கிறது.

ஆனால் ஒன்று. இந்தக் கருவிகள் கிருமியை நேராகப் பார்ப்பதில்லை. கெடுவதற்கான அடையாளத்தைத்தான் பார்க்கின்றன. பாசி படிந்தால் தப்பாகவும் காட்டும். அதனால் அடிக்கடி துடைத்துச் சரிபார்க்க வேண்டும். ஆய்வுக்கூடச் சோதனையையும் நிறுத்தக் கூடாது.

உங்கள் ஊருக்குக் கருவி வரும்வரை சும்மா இருக்கலாமா? கூடாது.

1. லேசான மருந்து வாடை அடித்தால் தண்ணீரைக் கீழே கொட்டாதீர்கள். குளோரின் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

2. தொட்டிக்குத் தூரமான கடைசி வீட்டுக் குழாயிலும் குளோரின் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். சோதனை மருந்து விட்டும் நிறம் மாறாவிட்டால் குளோரின் இல்லை என்று பொருள்.

3. தண்ணீர் கலங்கி வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ அன்றைக்கே ஊராட்சியில் சொல்லுங்கள். சரியாகும்வரை அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

4. சந்தேகம் இருந்தால் தளதளவென்று 1 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, மூடிவையுங்கள். கையை விடாமல் அகப்பையால் மொண்டு எடுங்கள்.

5. 6 மாதம்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம். பேதியானால் தாய்ப்பாலை நிறுத்தாமல், உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் கொண்டு செல்லுங்கள்.

"தண்ணி விஷயம் பொம்பளைங்க பாடு" என்று கணவர் ஒதுங்கக் கூடாது. குடிப்பது குடும்பம் முழுவதும்தானே! கருவி சொல்லும்வரை காத்திராமல், இருவரும் இன்றே குழாயடியில் கவனம் வையுங்கள்.