கூரை போன கோட்டைகள்: வேல்ஸில் ஒரு மழை நாள் உலா

காலை எட்டரை மணி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒரு மினி பஸ் கிளம்பத் தயாராக நிற்கிறது. உள்ளே பதினான்கு பேர். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாலு தம்பதிகள், கல்லூரி மாணவிகள் இரண்டு பேர், கைத்தடியோடு ஒரு தாத்தா, அவருடைய எட்டு வயதுப் பேரன், இன்னும் சிலர். போனில் வெதர் ஆப்பைத் திறந்தவர்கள் எல்லோரும் உடனே மூடிவிட்டார்கள். சாயங்காலம் ஆறு மணி வரை மேகமும் மழைத்துளியும்தான் வரிசையாக இருந்தன.

"வேண்டாம்னு நினைக்கிறவங்க இப்பவே இறங்கிக்கலாம்" என்றார் கூட்டிப்போகும் பெண்மணி. ஒருவரும் இறங்கவில்லை. கட்டிய காசு திரும்ப வராது என்பதும் ஒரு காரணம்.

அன்றைய திட்டத்தில் மூன்று இடங்கள். செப்ஸ்டோ கோட்டை, டின்டெர்ன் மடாலயம், ராக்லன் கோட்டை. மூன்றும் வேல்ஸின் தென்கிழக்கு மூலையில், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அரை மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன. வெயில் நாளில் போனால் புல்வெளி, செல்ஃபி, ஐஸ்கிரீம் என்று பொழுது போய்விடும். மழை நாளில் போனால் வேறு ஒரு விஷயம் தலையில் சொட்டிச் சொட்டி நினைவூட்டும். இங்கே சுவர் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, குளிர்காயும் அடுப்புகூட இருக்கிறது. பெரும்பாலான இடத்தில் கூரைதான் இல்லை. அது எங்கே போனது?

770 வருஷம் நனைந்த கதவு

செவர்ன் பாலத்தையும், அடுத்து வரும் வை ஆற்றுப் பாலத்தையும் தாண்டினால் வேல்ஸ். 1966-ல் திறந்த இந்தப் பாதையில் 2018 கடைசி வரை சுங்கம் வசூலித்தார்கள். இப்போது இலவசம்.

செப்ஸ்டோ கோட்டை வை ஆற்றங்கரையில், செங்குத்தான சுண்ணாம்புப் பாறையின் மேல் நீளமாகப் படுத்திருக்கிறது. நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தது 1066-ல். மறு வருஷமே இங்கே வேலை ஆரம்பித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். சில கிலோமீட்டர் தள்ளி கேர்வென்ட்டில் இடிந்து கிடந்த ரோமானிய ஊரின் ஓடுகளையும் கொண்டுவந்து கட்டடத்தில் சேர்த்தார்கள். பெரிய கோபுரத்தின் சுவரில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை ஓடுகிறதே, அது அந்த ஓடுதான். மழையில் நனைந்ததும் அந்த நிறம் பளிச்சென்று எடுத்துக்காட்டியது.

கீழே ஆறு சும்மா ஓடவில்லை. கடல் ஏற்றம் தினமும் இரண்டு முறை இங்கே வரை வருகிறது. பெரிய ஏற்ற நாட்களில் தண்ணீர் மட்டம் பதினான்கு மீட்டர் வரை ஏறி இறங்கும், அதாவது நாலு மாடி வீட்டு உயரம்! படகில் வந்த சாமான்களை அப்படியே பாறைக்கு மேலே இருக்கும் நிலவறைக்கு இழுத்துக்கொள்வார்கள். முற்றுகை வந்தால்கூட ஆற்றுப் பக்கம் ஒரு வாசல் திறந்திருக்கும்.

அந்தக் கூட்டம் அதிக நேரம் நின்றது கதவுக்கு முன்னால். வெளிப்பக்கம் இரும்புத் தகடு அறைந்த ஓக் மரக் கதவு. மர வளையங்களை ஆராய்ந்து பார்த்ததில், 1190-களுக்குப் பிந்தியது அல்ல என்று தெரிந்தது. ஐரோப்பாவிலேயே மிகப் பழைய கோட்டைக் கதவு இது என்கிறார்கள். 1962 வரை வெளி வாசலிலேயே மாட்டியிருந்தது. ஏறக்குறைய 770 வருஷம் மழையில் நின்றுவிட்டு, இப்போது உள்ளே கூரைக்கு அடியில் இருக்கிறது. அதைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்க வந்தவர்கள்தான் என்பது வேறு விஷயம்.

மீதியை மழை பார்த்துக்கொண்டது

டின்டெர்னுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை வலுத்திருந்தது. ஆற்றின் இரண்டு பக்கமும் காட்டு மலைகள், நடுவில் மடாலயத்தின் மாதா கோயில். 1131-ல் வெள்ளை அங்கித் துறவிகளான சிஸ்டர்சியன் சபையினருக்காகத் தொடங்கிய மடம் இது. இப்போது நிற்கும் பெரிய கோயிலை 1269 முதல் 1301 வரை கட்டினார்கள். ஏறக்குறைய 70 மீட்டர் நீளம். சுவர்கள் மேல்வரை முழுசாக நிற்கின்றன. மேற்கு ஜன்னலின் கல் பின்னல்கூடப் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. தலை நிமிர்ந்தால் மட்டும் நேராக வானம்.

"குண்டு போட்டாங்களா தாத்தா?" என்று கேட்டான் பேரன்.

குண்டு இல்லை. எட்டாம் ஹென்றி மடாலயங்களை மூடியபோது, 1536-ல் டின்டெர்னும் அரசர் கைக்குப் போனது. கூரையில் வேய்ந்திருந்த ஈயத் தகடுகளைக் கழற்றி விற்றார்கள். அன்றைக்கு ஈயத்துக்கு நல்ல விலை. தகடு போனதும் மரச் சட்டங்கள் நனைந்து இற்றுப்போயின, கல் வளைவுகள் விழுந்தன, விழுந்த கல்லை அக்கம்பக்கத்தில் எடுத்துக்கொண்டு போனார்கள். மொத்தக் கட்டடத்தையும் இடிக்க ஆள் வைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கூரையை எடுத்தார்கள், மீதியை மழை பார்த்துக்கொண்டது.

இந்த மழைச் சுற்றுலாவும் புதுசு இல்லை. 250 வருஷத்துக்கு முன்பே ராஸ் ஊரில் படகு ஏறி, ஆற்றோடு வந்து, டின்டெர்ன் பார்த்து, செப்ஸ்டோவில் இறங்குவது வசதியான குடும்பங்களிடம் பெரிய ஃபேஷன். அதற்கு வழிகாட்டியாக இருந்தது வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் 1782-ல் வெளியிட்ட புத்தகம். அவர் வந்தது 1770-ல், அவருக்கும் மழைதான். மழை காட்சிகளுக்கு ஒரு இருண்ட கம்பீரம் தருகிறது, ஆனால் நிறைய அழகை மறைத்தும் விடுகிறது என்று எழுதிவைத்தார். டின்டெர்னின் முக்கோண முகப்புகள் ரொம்ப ஒழுங்காக இருப்பதால் கண்ணை உறுத்துகின்றன, சுத்தியலால் கொஞ்சம் தட்டினால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். நல்லவேளை, யாரும் தட்டவில்லை!

அந்தப் புத்தகத்தில் இதையெல்லாம் விட மனதில் நிற்பது வேறொரு பக்கம். அப்போது இந்த இடிபாடுகளுக்குள் ஏழைகள் குடியிருந்தார்கள். 'துறவிகளின் நூலகத்தைக் காட்டுகிறேன்' என்று ஒரு ஏழைப் பெண் கில்பினை அழைத்துப்போனார். அவரால் சரியாக நடக்கக்கூட முடியவில்லை. போய்ப் பார்த்தால் நூலகம் எதுவும் இல்லை. இரண்டு இடிந்த சுவர்களுக்கு நடுவே ஈரம் வழியும் ஒரு பொந்து. அதுதான் அவருடைய வீடு. ஊரெல்லாம் படகில் வந்து ரசித்துவிட்டுப் போன அதே ஈரச் சுவரில்தான் அவர் படுத்து எழுந்தார். அவர் பெயரைக் கில்பின் எழுதவில்லை.

இதைக் கூட்டிப்போன பெண்மணி சொல்லி முடித்தபோது யாரும் போட்டோ எடுக்கவில்லை. ஒரு மாணவி குடையைத் தாத்தா பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார்.

மடாலயத்தை 1901-ல் அரசு வாங்கியது. ஓவியர்களும் கவிஞர்களும் உருகிய ஐவிக் கொடிகளை, சுவருக்கு ஆபத்து என்று பிறகு அகற்றினார்கள். இப்போது பராமரிப்பது காடூ என்ற வேல்ஸ் அரசு அமைப்பு. வேல்ஸ் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'காப்பது' என்று பொருள். மழையில் கரையும் மணற்கல்லைச் சீர்செய்ய அண்மை ஆண்டுகளாகச் சாரம் கட்டி வேலை நடக்கிறது. ஆறும் பக்கத்திலேயே இருக்கிறது. 2020 பிப்ரவரியில் டென்னிஸ் புயல் வந்தபோது வை ஆறு இந்தப் பகுதியில் இதுவரை பதிவாகாத உயரத்துக்குப் பெருகியது. அப்படிப் பார்த்தால், கூரை போன அன்று தொடங்கிய வேலையை மழை இன்னும் முடிக்கவில்லை.

கோபுரத்தடியில் தாத்தா

ராக்லன் கோட்டைக்கு வந்தபோது மணி மூன்று. கல் படிகள் சோப்பு தடவியது மாதிரி வழுக்கின. பலத்த காற்று என்றால் இந்த மாதிரி இடங்களை மூடியும் விடுவார்கள், அதனால் கிளம்பும் முன் இணையத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. அன்று திறந்துதான் இருந்தது. ஆனால் பெரிய கோபுரத்தின் சுழல் படிக்கட்டைப் பார்த்ததும், "ஐயா, நீங்க கீழேயே இருங்க" என்றார் பெண்மணி. தாத்தாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பேரன் மேலே ஓடினான்.

கீழே நின்றதால் அவருக்கு ஒன்று கிடைத்தது. சுற்றிலும் சுவரில், அந்தரத்தில் தொங்கும் அடுப்புகள். ஒன்றுக்கு மேல் ஒன்று, மூன்று வரிசை. தரை போய்விட்டது, அடுப்பு மட்டும் மிச்சம். எத்தனை பேர் அங்கே கை காய்ச்சியிருப்பார்கள் என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

15-ஆம் நூற்றாண்டில் கட்டிய இந்தக் கோபுரத்துக்கு ஆறு பக்கம், சுற்றித் தனி அகழி. 1646-ல் உள்நாட்டுப் போரின்போது, மன்னர் பக்கம் நின்ற வொர்ஸ்டர் பிரபு இங்கே முற்றுகையைத் தாங்கினார். அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. ஆகஸ்ட் 19-ல் சரணடைந்தார். அந்த வருஷமே காவலில் இறந்தும் போனார். வின்ட்ஸர் கோட்டையில் அடக்கம் செய்வோம் என்றதும், 'உயிரோடு இருந்தப்ப பறிச்சதை விடப் பெரிய கோட்டையைச் செத்த பிறகு தர்றீங்களே' என்கிற மாதிரி சிரித்தாராம்.

வென்றவர்கள் கோபுரத்தைக் கடப்பாறையால் இடித்துப் பார்த்தார்கள், மாளவில்லை. அடியில் குடைந்து, மரத்தால் முட்டுக்கொடுத்து, முட்டுக்குத் தீ வைத்தார்கள். ஆறு பக்கத்தில் இரண்டு சரிந்தது. மீதி நாலு இன்னும் நிற்கிறது. கோட்டைக் கூரையின் ஈயம் விலை போனது. மரங்களில் பெரும்பகுதி பிரிஸ்டலுக்குப் போனதாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. பிரிஸ்டல் பாலத்தின் மேல் வரிசையாக இருந்த வீடுகள் அப்போதுதான் தீயில் எரிந்திருந்தன. அவற்றைத் திரும்பக் கட்ட மரம் தேவைப்பட்டதாம்.

ஆறரை மணிக்கு பஸ் அதே பிரிஸ்டலில் எல்லோரையும் இறக்கிவிட்டது. சாக்ஸைப் பிழிந்து பையில் போட்டுக்கொண்டு, தாத்தாவும் பேரனும் பிரிஸ்டல் பாலத்தின் மேல் நடந்தார்கள். இப்போது இருப்பது 1768-ல் முடிந்த பாலம், மேலே வீடு எதுவும் இல்லை. பேரன் கைப்பிடிச் சுவர் ஓரமாக எட்டிப் பார்த்து, "அந்தக் கட்டை எல்லாம் இப்ப எங்கே?" என்று கேட்டான். மழை இன்னும் விடவில்லை.