மருதம்பட்டை, யோகா, ஆடாதோடை... இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நிஜமாகவே பலன் உண்டா?

நைட் ஷிஃப்ட் முடிந்து சிறுசேரி சிப்காட்டிலிருந்து கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் கையில் போன். ‘மருதம்பட்டைக் கஷாயம் குடித்தால் ஹார்ட் அட்டாக்கே வராது’ என்கிற மாதிரி வாட்ஸ்அப் செய்திகள் அங்கிருந்தே ஊரிலிருக்கும் அப்பா அம்மாவுக்கு ஃபார்வர்டு ஆகின்றன. ஸ்டென்ட் வைத்திருக்கும் அப்பா அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால்? ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைத் தானாக விட்டால், ஸ்டென்டுக்குள்ளேயே அடைப்பு வரலாம். விளையாட்டுக் காரியமில்லை.

இந்த மாதிரி வைத்தியங்களை இந்திய டாக்டர்களே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் பெரியது ‘யோகா-கேர்’. டாக்டர் துரைராஜ் பிரபாகரன் குழுவினர், 24 மருத்துவமனைகளில் மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்ற 3,959 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. ஒரு பிரிவுக்கு மட்டும் மூன்று மாதங்களில் 13 யோகா வகுப்புகள். இன்னொரு பிரிவுக்கு ஆலோசனை மட்டும்.

2020-ல் முடிவு வெளியானது. மரணம், மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், இதயப் பிரச்னைக்காக அவசரமாக மருத்துவமனையில் சேருவது ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றைச் சந்தித்தவர்கள் யோகா பிரிவில் 131 பேர், மற்றதில் 146. குறைவுதானே என்று தோன்றும். ஆனால், இவ்வளவு சின்ன வித்தியாசம் தற்செயலாகவும் வரும் என்பதால், யோகா மாரடைப்பைத் தடுக்கிறது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. அதேசமயம், யோகா செய்தவர்கள் பழைய வேலைகளுக்கு நன்றாகவே திரும்பினார்கள். உடம்பு தேவலை என்றும் உணர்ந்தார்கள். மாரடைப்புக்குப் பிறகு மாடிப்படி ஏறவே பயப்படுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். 10 வகுப்புகளுக்கு மேல் வந்தவர்களுக்குப் பாதிப்பு இன்னும் குறைவு. ஆனால், தவறாமல் வகுப்புக்கு வர முடிந்தவர்கள் முதலிலேயே தெம்பாக இருந்தவர்களாகவும் இருக்கலாமே!

சரி, மருதம்பட்டை? டெல்லி எய்ம்ஸில் இதயச் செயலிழப்பு உள்ள 100 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். வழக்கமான மருந்தோடு பாதிப் பேருக்கு மருதம்பட்டைச் சாறு, பாதிப் பேருக்கு வெற்று மருந்து. எது யாருக்கு என்பது டாக்டருக்கும் தெரியாது. 2016-ல் வந்த முடிவின்படி, இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் கூடவில்லை. சிலருக்கு அறிகுறிகள் மட்டும் கொஞ்சம் குறைந்தன. மாரடைப்பு வராமல் தடுக்குமா என்று பார்த்த ஆய்வும் அல்ல அது.

நுரையீரல் பக்கம் வந்தால் ஆடாதோடை. ஆடு தொடாத இலை என்பதால் இந்தப் பெயர் என்பார்கள். அதிலுள்ள வாசிசின் என்ற பொருளைப் பின்பற்றி உருவானதுதான், 1960-களில் விற்பனைக்கு வந்த புரோம்ஹெக்சின். கெட்டிச் சளியை இளக்கும் பல இருமல் சிரப்களில் இன்றும் இருக்கிறது. பாட்டி வைத்தியத்திலிருந்து பார்மசிக்கு வந்த இலை!

கஷாயம்தான் வேண்டும் என்றால், இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. போகும்போது இதய மாத்திரைச் சீட்டையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். அங்கே தருவதை இதய டாக்டரிடமும் சொல்லுங்கள்.