கணினித் தொடக்கத் தடை

கணினித் தொடக்கத் தடை என்பது, மின்னிணைப்புத் தரப்பட்ட ஒரு கணினி, பயனர் பணி செய்யத்தக்க நிலையை அடையாமல் இடையிலேயே நின்றுவிடுவதைக் குறிக்கும். இயங்கிக்கொண்டிருக்கும் கணினி திடீரென உறைந்துபோவதும், தானாக அணைந்து மீண்டும் தொடங்குவதும் கணினி முடக்கம் எனப்படும். இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே வகைக் காரணங்களிலிருந்து எழுவதால் இங்குச் சேர்த்தே விளக்கப்படுகின்றன. பொதுவான காரணங்களுடன், தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள ஆறுமுகநேரி போன்ற உப்பளக் கரையோர ஊர்களில் உப்பும் ஈரமும் ஏற்படுத்தும் தனிச் சிக்கலும் இக்கட்டுரையில் இடம்பெறுகிறது.

கணினி வேறு, அதிலுள்ள தரவு வேறு. கணினியின் எந்த உறுப்பையும் விலை கொடுத்து மாற்றிவிடலாம். கடைக் கணக்கு, திருமணப் படங்கள், மாணவரின் ஆய்வேடு ஆகியவற்றை மாற்ற முடியாது. கணினி தொடங்கவில்லை என்றவுடன் வன்தட்டை அழித்து விண்டோசைப் புதிதாக நிறுவுவது (பேச்சுவழக்கில் 'பார்மட் அடிப்பது') நம்மூர்களில் பரவலான வழக்கம். தொடக்கத் தடைகளிற் பலவற்றிற்கு அது தீர்வே அன்று. சில வேளைகளில் நல்ல நிலையிலுள்ள தரவை அழித்துவிட்டுப் பழுதை அப்படியே விட்டுவைக்கிறது. ஆதலால் கணினி எந்தப் படியில் நின்றது என்று அறிவதே முதல் வேலையாகும்.

தொடக்கத்தின் படிநிலைகள்

ஆளியை அழுத்தியதும் முதலில் விழிப்பது மின்வழங்கி (எஸ்.எம்.பி.எஸ்.) ஆகும். அது 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றுகிறது. மின்னழுத்தங்கள் நிலைபெற்ற பின் 'மின்சாரம் சரி' என்னும் சைகையைத் தாய்ப்பலகைக்கு அனுப்புகிறது. அச்சைகை வரும்வரை செயலி இயங்காது. சைகை வந்ததும் செயலி, தாய்ப்பலகையிலுள்ள சில்லில் பதியப்பட்ட நிரலைப் படிக்கத் தொடங்கும். இந்நிரல் பழைய கணினிகளில் பயாஸ் எனவும், புதியவற்றில் யூ.ஈ.எஃப்.ஐ. எனவும் வழங்கும். அது நினைவகம், திரை அட்டை, விசைப்பலகை ஆகியவற்றைச் சோதித்தபின் வன்தட்டைத் தேடி, அதிலுள்ள தொடக்க ஏற்றியிடம் பொறுப்பை ஒப்படைக்கும். ஏற்றி இயங்குதளத்தின் கருவை நினைவகத்தில் ஏற்றும். கரு, சாதன இயக்கிகளை ஏற்றும். இறுதியில் புகுபதிகைத் திரை தோன்றும்.

ஒவ்வொரு படியும் முந்தைய படி முடிந்தால்தான் நடக்கும். எனவே திரையில் தயாரிப்பாளர் சின்னம் தெரிந்துவிட்டது எனில் மின்வழங்கி, செயலி, திரை அட்டை ஆகியன அடிப்படை அளவில் இயங்குகின்றன என்று கொள்ளலாம். எதுவுமே தெரியவில்லை எனில் விண்டோசைக் குறை கூறுவதிற் பொருளில்லை. அது இன்னும் அரங்கிற்கே வரவில்லை.

திரை தோன்றும் முன் நிற்பவை

விசிறியும் சுழலவில்லை, விளக்கும் எரியவில்லை எனில் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். முதலில் சுவரிலுள்ள செருகி, நீட்டிப்புப் பலகை, கம்பி ஆகியன, பிறகு மின்வழங்கி. மின்வழங்கியைத் தனியே சோதிக்க, அதனைத் தாய்ப்பலகையிலிருந்து கழற்றி, 24 முனை இணைப்பியில் பச்சைக் கம்பியையும் ஏதேனும் ஒரு கறுப்புக் கம்பியையும் ஒரு சிறு கம்பியால் இணைப்பர். விசிறி சுழன்றால் மின்வழங்கி உயிருடன் உள்ளது. ஆனால் சுழல்வதால் மட்டும் அது நலமாக உள்ளது என்றாகாது. மல்ட்டிமீட்டரால் அளந்தால் 12, 5, 3.3 வோல்ட் தடங்கள் 5 விழுக்காட்டிற்கு மேல் விலகாதிருக்க வேண்டும். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் திறக்கலாகாது. அதிலுள்ள மின்தேக்கிகள் இணைப்பைத் துண்டித்த பின்னும் உயிருக்கு இடர் தரும் அளவு மின்னூட்டத்தைச் சேமித்து வைத்திருக்கக்கூடும்.

விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால், கணினி எழுப்பும் பீப் ஒலியைக் கேட்க வேண்டும். திரை இன்னும் இயங்காத நிலையில் பழுதைச் சொல்ல அதற்கு வேறு வாய் இல்லை. ஒலிகளின் பொருள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். எடுத்துக்காட்டாக, அவார்ட் பயாசில் ஒரு நீண்ட ஒலியும் இரு குறுகிய ஒலிகளும் திரை அட்டைப் பழுதைக் குறிக்கும். ஒலியே இல்லையெனில் தாய்ப்பலகையின் கையேட்டைக் கொண்டு விளக்குக் குறிகளைப் பார்க்கலாம்.

தாய்ப்பலகையில் பதிந்துள்ள நாணய வடிவ மின்கலம் (சி.ஆர்.2032, 3 வோல்ட்) தனியே குறிப்பிடத்தக்கது. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓடச் செய்வதும், பல தாய்ப்பலகைகளில் பயாஸ் அமைப்புகளைக் காப்பதும் இதன் பணி. இது தீர்ந்தால் நாள் பழைய ஆண்டிற்குத் திரும்பிவிடும். அதனால் வலைத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை என்று உலாவி அறிவிக்கும். இதைவிடக் குழப்பமான விளைவு ஒன்று உண்டு. அமைப்புகள் அழிந்து தொடக்க நிலைக்குத் திரும்பும்போது வன்தட்டு இடைமுகத்தின் வகை மாறிவிடலாம். விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 போன்றவை அப்போது தம் வன்தட்டையே அடையாளம் காணாமல், தொடக்கச் சாதனத்தை அணுக முடியவில்லை என்னும் பொருளுடைய 7பி எண் பிழையைக் காட்டி நீலத் திரையில் நின்றுவிடும். பார்ப்பவர் விண்டோஸ் கெட்டுவிட்டது என்றே எண்ணுவார். உண்மையில் ஒரு சிறு மின்கலத்தை மாற்றி, பயாசில் ஓர் அமைப்பைத் திருத்தினால் எல்லாத் தரவும் இருந்தபடியே திரும்பும்.

உப்புக் காற்றும் கணினியும்

ஆறுமுகநேரி, திருச்செந்தூர் வட்டத்தில் காயல்பட்டினத்தை அடுத்துள்ள பேரூராட்சியாகும். ஊரைச் சூழ்ந்து உப்பளங்கள் பரந்துள்ளன. குசராத்திற்கு அடுத்து இந்தியாவில் மிகுதியாக உப்பு விளையும் மாநிலமான தமிழ்நாட்டின் உப்பில் பெரும்பகுதி தூத்துக்குடிக் கரையிலிருந்தே வருகிறது. கடலிலிருந்து வீசும் கொண்டல் காற்று நுண்ணிய உப்புத் துகள்களைச் சுமந்து வருகிறது. கணினியின் விசிறி அக்காற்றை நாள்தோறும் உள்ளிழுத்துத் தாய்ப்பலகையின்மேல் பூசிக்கொண்டிருக்கிறது.

உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மழைக்காலத்தில் சமையலறை உப்புச் சாடி கசிவதைப் பலரும் கண்டிருப்பர். காற்றின் ஒப்பீட்டு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்குகிறது. கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு ஏறத்தாழ 33 விழுக்காட்டிலேயே கசிந்துவிடும். இவ்வாறு கரைந்த உப்பு மின்பகுளியாகிறது. தாய்ப்பலகையின் நெருங்கிய தடங்களுக்கிடையே கசிவு மின்னோட்டம் பாய்கிறது. உலோகம் ஒரு முனையில் கரைந்து மறுமுனை நோக்கி மெல்லிய இழைகளாக வளர்ந்து குறுக்குச் சுற்றை உண்டாக்கவும் கூடும்.

முதலில் பாதிக்கப்படக்கூடியவற்றுள் நினைவகப் பலகையின் தொடுமுனைகளும் அடங்கும். இவை செம்பின்மேல் நிக்கலும், அதன்மேல் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த தடிப்பில் தங்கமும் பூசப்பட்டவை. தங்கம் அரிக்காது; ஆனால் பூச்சின் நுண்துளைகள் வழியே குளோரைடு அடியிலுள்ள உலோகத்தைச் சென்றடையும். அங்கு விளையும் அரிமானப் பொருள் மேலே படர்ந்து தொடுகையைக் கெடுக்கும். நினைவகத்தைக் கழற்றி மீண்டும் செருகினால் கணினி தொடங்கிவிடுவதன் காரணம் இதுவே: செருகும்போது ஏற்படும் உராய்வு அப்படலத்தைத் துடைத்துவிடுகிறது. சில வாரங்களில் அதே தடை மீண்டும் வந்தால் வியப்பதற்கில்லை. படலம் போயிற்றேயன்றி உப்பு போகவில்லை.

தொடுமுனைகளைப் பள்ளி மாணவரின் அழிப்பானால் தேய்ப்பது திருத்துநர்களிடையே பரவலாக உள்ளது. உடனடிப் பயன் தருவது உண்மையே. ஆயினும் ஒவ்வொரு தேய்ப்பிலும் தங்கப் பூச்சு தேய்ந்து, கரையோர ஊர்களில் அடுத்த அரிமானத்திற்கு வழி திறந்துவிடுகிறது. 99 விழுக்காட்டு ஐசோபுரொப்பைல் ஆல்ககாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடைப்பதே மேலானது.

இயங்கும் கணினி தன் வெப்பத்தால் உட்புற ஈரப்பதத்தைக் குறைத்துக்கொள்கிறது. நாள்தோறும் சிறிது நேரமாவது இயங்குவதைவிட, வாரக்கணக்கில் அணைந்து கிடப்பதே கரையோரத்தில் கணினிக்குக் கேடு. நீண்ட விடுமுறைக்குப் பின் பள்ளி ஆய்வகத்தில் சில கணினிகள் எழ மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

2023 வெள்ளம்

2023 திசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில், ஆறுமுகநேரியை அடுத்த காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. திருச்செந்தூரில் 69 செ.மீ., திருவைகுண்டத்தில் 62 செ.மீ. பதிவாயின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி மழையையும் விஞ்சியது. வீடுகளிலும் கடைகளிலும் வெள்ளம் புகுந்தது.

நீரில் மூழ்கிய கணினிக்கு இழைக்கப்படும் பெரும் கேடு, 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று அதை இயக்குவதாகும். நீர் மட்டும் உறுப்புகளை உடனே கொல்வதில்லை. ஈரத்துடன் மின்னோட்டம் சேரும்போதுதான் தடங்கள் விரைந்து அரிக்கின்றன. எனவே மின்கம்பியையும், மடிக்கணினியாயின் மின்கலத்தையும், தாய்ப்பலகையின் நாணய மின்கலத்தையும் கழற்ற வேண்டும். சேறும் உப்பும் பலகையில் காய்ந்துவிடாமல் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, ஆல்ககாலால் அலசி, காற்றோட்டமுள்ள நிழலில் சில நாள்கள் உலர்த்துவர். மின்வழங்கியை இவ்வாறு மீட்க முயல்வதைவிட மாற்றுவதே பாதுகாப்பானது.

சுழலும் வன்தட்டிற்கு இம்முறை பொருந்தாது. பெரும்பாலான வன்தட்டுகளின் உறையில் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய ஒரு வடிகட்டியிட்ட நுண்துளை உண்டு. அதன்வழி நீர் புகுந்து உலர்ந்தால் தட்டின்மேல் படிவு ஒட்டிக்கொள்ளும். படிக்கும் முனைக்கும் தட்டிற்கும் இடையேயுள்ள இடைவெளி சில நானோமீட்டர்களே. ஆகவே முதன்மையான தரவு உள்ள வன்தட்டை உலர்த்தாமலும் திறக்காமலும் இயக்காமலும், ஈரத்துடன் நெகிழிப் பையில் அடைத்துத் தரவு மீட்பு ஆய்வகத்திற்கு அனுப்புமாறு அத்துறையினர் அறிவுறுத்துகின்றனர். நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை: 2003இல் சிதறிய கொலம்பியா விண்ணோடத்திலிருந்து, வறண்ட ஏரிப்படுகையில் ஆறு மாதம் கழித்துக் கிடைத்த வன்தட்டின் தரவில் ஏறத்தாழ 99 விழுக்காடு மீட்கப்பட்டது.

இயங்குதளம் ஏற்றப்படாமை

தயாரிப்பாளர் சின்னம் தோன்றி, 'தொடக்கச் சாதனம் இல்லை' என்னும் அறிவிப்புடன் நின்றால், முதலில் கழற்ற வேண்டியது பின்புறம் மறந்து விடப்பட்ட யூ.எஸ்.பி. நினைவுக்குச்சி. பிறகு பயாசில் வன்தட்டு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் ஏற்றியில் கோளாறு. தெரியாவிட்டால் கம்பியிலோ வன்தட்டிலோ கோளாறு.

2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்த்து நிறுவப்பட்டிருந்தது. அவற்றில் விண்டோசை மீண்டும் நிறுவியவர்கள் 'லினக்ஸ் அழிந்துவிட்டது' என்று கருதியதுண்டு. விண்டோஸ் நிறுவி தன் ஏற்றியைப் பழையதன் இடத்தில் எழுதிக்கொள்வதே காரணம். லினக்ஸ் பகிர்வைத் தனியே அழிக்காதிருந்தால் அது அங்கேயே இருக்கும். லினக்ஸ் குறுவட்டிலிருந்து தொடங்கி குரப் ஏற்றியை மீண்டும் நிறுவினால் இரண்டும் தெரியும்.

வன்தட்டிலிருந்து தட்டொலி வந்தாலோ, கோப்புகளைத் திறக்க வழக்கத்திற்கு மாறாக நேரமெடுத்தாலோ பிழைதிருத்தும் கருவிகளை இயக்குதல் கூடாது. அவை தட்டு முழுவதையும் படித்து எழுதி, சாகும் நிலையிலுள்ள வன்தட்டைக் களைப்புறச் செய்யும். வேறொரு வன்தட்டில் முழுப் படியெடுத்து, திருத்தத்தைப் படியின்மேல் செய்ய வேண்டும். இதற்கென டிடிரெஸ்கியூ என்னும் கட்டற்ற மென்பொருள் உள்ளது. நலமான பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுப் பழுதான இடங்களுக்குப் பின்னர் திரும்புவது அதன் சிறப்பு.

நீலத் திரையும் 2024 முடக்கமும்

இயங்குதளத்தின் கருவில் சரிசெய்ய இயலாத பிழை நேரும்போது, தரவு மேலும் கெடாமலிருக்க விண்டோஸ் தானே நின்று நீலத் திரையைக் காட்டுகிறது. லினக்சில் இது கருப் பீதி எனப்படும். எனவே நீலத் திரை நோயன்று, நோயின் அறிகுறி. அதிலுள்ள எண்ணைக் குறித்துக்கொள்வது அவசியம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண் வந்தால் நினைவகத்தை ஐயுற்று மெம்டெஸ்ட்86 போன்ற சோதனையை ஓரிரவு முழுதும் ஓடவிடலாம். ஒரே எண் வந்தால் அண்மையில் நிறுவிய இயக்கி அல்லது மென்பொருளை ஐயுறலாம். கடும் பணியின்போது எவ்வித அறிவிப்புமின்றி அணைந்தால் வெப்பம் காரணமாகலாம். விசிறியின் தூசியை நீக்கி, செயலியின் வெப்பப் பசையைப் புதுப்பிக்க வேண்டும்.

மென்பொருளால் மட்டுமே நேர்ந்த தொடக்கத் தடைக்கு மிகப்பெரிய எடுத்துக்காட்டு 2024 சூலை 19 அன்று நிகழ்ந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு ஓர் இற்றைப்படுத்தல் வெளியானது. அதிலிருந்த வார்ப்புரு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. நிரல் தந்தவையோ 20. இல்லாத இருபத்தோராவதைப் படிக்க முயன்ற நிரல், கருவின் அதிகாரத்துடன் இயங்கியதால் இயங்குதளத்தையே வீழ்த்தியது. தொடக்கத்திலேயே அந்நிரல் ஏற்றப்படுவதால், மீண்டும் தொடங்கிய கணினி மீண்டும் விழுந்தது. ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. சென்னை உட்பட இந்திய வானூர்தி நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய நுழைவுச் சீட்டுகள் வழங்கப்பட்டன.

பிழையான கோப்பு ஒன்றரை மணி நேரத்திற்குள் திரும்பப் பெறப்பட்டது. எனினும் ஏற்கெனவே வீழ்ந்த கணினிகளுட் பலவற்றால் வலையமைப்பு வரை எழ முடியாததால் திருத்தம் அவற்றைச் சென்றடையவில்லை. ஒவ்வொரு கணினியையும் ஒருவர் நேரில் அணுகி, பாதுகாப்பு நிலையில் தொடங்கி, 'சி-00000291' என்று தொடங்கும் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வன்தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதற்கு முன் 48 இலக்க மீட்புச் சாவியும் தேவைப்பட்டது. சில நிறுவனங்களில் அச்சாவிகளைச் சேமித்து வைத்திருந்த வழங்கியும் வீழ்ந்த கணினிகளுள் ஒன்றாக இருந்தது.