கூதிரும் சரத்தும்: தில்லி மொட்டைமாடியில் ஒரு தோட்டம்

தொல்காப்பியம் கூறும் பெரும்பொழுதுகள் ஆறு. அவற்றுள் கூதிர்ப் பருவத்துக்கு ஐப்பசி, கார்த்திகை என்னும் இரு மாதங்களை உரையாசிரியர்கள் வகுத்தார்கள். வடநாட்டார் சரத் ருது என்று சொல்வதும் ஆசுவினம், கார்த்திகம் என்ற அதே மாதங்களைத்தான். பெயர் ஒன்று, வானம் வேறு. நம்ம ஊரில் அப்போது வடகிழக்குப் பருவமழை கொட்டும். தில்லியிலோ செப்டம்பர் கடைசியில் மழை விடைபெற்றுவிடும். அக்டோபரில் வெயில் தணிந்து இரவில் குளிர் தட்டும். இந்த வேறுபாட்டை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. ஒரு கறிவேப்பிலைக் கன்றைச் சாகடித்து அறிந்தேன்.

வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம் எங்களுடையது. 1983இல் அரிசி வியாபாரத்துக்காகத் தில்லி வந்தேன். 1991இல் அம்மா எங்களோடு தங்க வந்தபோது, கொல்லையிலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கன்றை ஈரத்துணியில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தார். "கடையில வாங்குறதுல வாசனையே இல்லடா" என்பார். மார்கழிக் குளிரில் அதன் இலைகள் பழுத்துக் கொட்டின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் காலையும் மாலையும் ஊற்றினேன். தை பிறப்பதற்குள் வேர் அழுகிவிட்டது. தெருவில் வேலை செய்த மாலி பார்த்துவிட்டு, "பாபுஜி, அது தூங்கிச்சு. நீங்கதான் முழுகடிச்சிட்டீங்க" என்றார். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

அதன் பிறகுதான் இந்த மண்ணின் பருவத்தைக் கவனிக்கத் தொடங்கினேன். பள்ளிப் புத்தகத்தில் இலையுதிர்காலம் என்று படித்தது ஐரோப்பியப் பருவம். தில்லியில் வேம்பும் அரசும் இலை உதிர்ப்பது பிப்ரவரி, மார்ச்சில். இங்கே அக்டோபர் முளைக்கும் காலம். நமக்கு ஆடிப்பட்டம் எப்படியோ, இவர்களுக்கு ஐப்பசிப்பட்டம் அப்படி.

எதை, எப்போது

கொத்தமல்லி, வெந்தயம், பாலக் மூன்றும் மண்ணின் சூடு தணிந்தால்தான் நன்றாக முளைக்கும். செப்டம்பரில் அவசரப்பட்டால் விதை வீண். அக்டோபர் நடுவில் விதைக்கலாம். தனியாவைச் செருப்படியில் மெதுவாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்துத் தூவுங்கள். பட்டாணி, காலிஃபிளவர் நாற்று, தக்காளி நாற்று எல்லாம் இதே சமயம்தான். நவம்பர் நடுப்பகுதி தாண்டினால் குளிரில் விதையும் சோம்பிவிடும். வெண்டை, புடலை, பாகல் மேல் ஆசையிருந்தால் பிப்ரவரி கடைசி வரை பொறுங்கள்.

சூரியன் தெற்கே சாய்வதால் வடக்குப் பார்த்த பால்கனியில் டிசம்பரில் வெயிலே விழாது. தொட்டிகளைத் தெற்குச் சுவரோரம் மாற்றிவிடுங்கள். பகலில் சூடேறிய சுவர் இரவிலும் கொஞ்சம் கதகதப்புத் தரும்.

மண், நீர், பாரம்

ஒரு கன அடி ஈரமண் 45 முதல் 50 கிலோ எடை. வாடகை வீட்டு மாடியில் இதை மறக்கக் கூடாது. தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் உத்தரமும் தூணும் தாங்கும் ஓரங்களில் வையுங்கள். நான் மண் ஒரு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு, மக்கிய சாணியெரு ஒரு பங்கு கலந்து ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு சேர்க்கிறேன். எடையும் குறையும், ஈரமும் நிற்கும்.

தில்லியில் பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. தொட்டியின் மேல்மண்ணில் வெள்ளையாகப் பூத்தால் அதுதான் அடையாளம். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் உப்பு மேலேயே தங்கும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை அடித்துளை வழியே தாராளமாக வழியும்வரை ஊற்றிக் கழுவிவிட வேண்டும். வழியும் தண்ணீரைத் தட்டில் பிடியுங்கள். கீழ்வீட்டுக் கூரை ஒழுகினால் தோட்டம் போய்ச் சண்டைதான் மிஞ்சும்!

எங்கள் வழக்கம்

மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் பெருகும். அதனால்தான் சமண முனிவர்கள் சாதுர்மாசத்தில் நடைப்பயணத்தை நிறுத்தி ஓரிடத்தில் தங்குகிறார்கள். நானும் அந்த மாதங்களில் மண்ணைக் கிளறுவதில்லை. கிழங்கு வகை நாங்கள் உண்பதில்லை, ஆகவே முள்ளங்கியும் கேரட்டும் பயிரிடுவதில்லை. மாசியில் அசுவினி ஒட்டினால் அந்தக் கிளையைக் கிள்ளி வேறிடத்தில் விட்டுவிடுவேன். விளைச்சல் குறையும்தான். மனசு குறைபடாது.

மகாவீரர் வீடுபேறடைந்த தீபாவளித் திருநாளில் விளக்கேற்றும்போது வெந்தயம் இரண்டிலை விட்டிருக்கும். வீட்டுக் குழந்தைகளை அழைத்துக் காட்டுங்கள்.

மறுபடி கறிவேப்பிலை வைக்க எனக்குத் துணிவு வர நாலு வருஷம் ஆயிற்று. ஊருக்குப் போனபோது பழம் பறித்துவந்து உடனே விதைத்தேன். கறிவேப்பிலை விதை காய்ந்தால் முளைக்காது. முளைத்த கன்றைக் குளிரில் தெற்குச் சுவரோரம் நகர்த்தி, பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை மட்டும் கொஞ்சம் தண்ணீர் காட்டினேன். இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நின்றது. கை பரபரத்தது, ஆனாலும் சும்மா இருந்தேன். ஹோலிக்கு முன் கணுவில் பச்சை தெரிந்தது. அம்மா கிட்டே போய் ஒரு கொழுந்தைக் கசக்கி முகர்ந்து பார்த்தார். "வாசனை வருதுடா" என்றார்.

இன்று அம்மா இல்லை. அந்தச் செடி இப்போது பெரிய டிரம்மில் நிற்கிறது. ஒவ்வொரு குளிருக்கும் உதிர்கிறது, துளிர்க்கிறது. இந்த ஐப்பசியில் நீங்களும் ஒரு பிடி வெந்தயமாவது விதைத்துப் பாருங்கள். கறிவேப்பிலைக் கன்று வேண்டுவோர் பங்குனியில் வீட்டுக்கு வாருங்கள்.