பழைய மோடம் புதிய லைனில் பேசுமா?

"உங்க ஏரியாவுல காப்பர் லைனை எல்லாம் ஃபைபரா மாத்துறோம் சார். எப்ப வரட்டும்?" லேண்ட்லைன் வைத்திருக்கும் பல தமிழ்நாட்டு வீடுகளுக்கு இப்படி ஓர் அழைப்பு வந்திருக்கும். பதிலுக்கு நாம் கேட்பதும் பெரும்பாலும் ஒன்றுதான்: "இப்ப இருக்கிற மோடமே போதுமா, புதுசு வாங்கணுமா?"

போதும் என்று நம்பி இருந்துவிட்டு, இணைப்பு வராமல் தவித்தவர்கள் உண்டு. கடைக்காரர் சொன்னார் என்று புதிதாக ஒன்றை வாங்கி, அது லைனில் சேராமல் பெட்டியோடு அலமாரியில் வைத்தவர்களும் உண்டு. டிவி மேசையில் தூசி படிந்து கிடக்கும் அந்தப் பெட்டியைத் திருப்பி, முதுகையும் அடியையும் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதி இணைப்பு தரும் நிறுவனத்திடம் இருக்கிறது.

மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்ற இரண்டு சொற்களும் ஒட்டிப் பிறந்த பெயர் மோடம். கணினியின் 0, 1 என்ற குறிகளை லைனில் பயணம் செய்யக்கூடிய அலையாக மாற்றி அனுப்புகிறது; வரும் அலையிலிருந்து அதே குறிகளைப் பிரித்தெடுக்கிறது. தமிழில் இவற்றைப் பண்பேற்றம், பண்பிறக்கம் என்கிறோம். ஆகவே மோடத்துக்கு ஒரு லைன் வேண்டும். மறுமுனையில் அதே முறையில் பேசும் இன்னொரு கருவியும் வேண்டும். நெட்வொர்க்கை மேம்படுத்துகிறார்கள் என்றால் இவற்றில் ஒன்றையோ இரண்டையுமோ மாற்றுகிறார்கள். எது மாறுகிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கம்பி அதே, கருவி புதிது

தொலைபேசிக் கம்பியில் நம் குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள இடம் போதும். அதற்கு மேலே வெறுமனே கிடந்த இடத்தில் இணையத்தை ஏற்றினார்கள், அதுவே ஏடிஎஸ்எல். குரலையும் இணையத்தையும் பிரித்துவிடத்தான் போனுக்குப் போகும் வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற சிறிய டப்பா இருக்கும்.

முதலில் வந்த ஏடிஎஸ்எல் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இடத்தைப் பயன்படுத்தி நொடிக்கு 8 மெகாபிட் வரை கொடுத்தது. ஏடிஎஸ்எல்2+ அந்த இடத்தை 2.2 மெகாஹெர்ட்ஸாக விரித்து 24 மெகாபிட்டைத் தொட்டது. அதற்குப் பின் வந்த விடிஎஸ்எல்2, பரவலாக வழங்கும் வகையில், 17 மெகாஹெர்ட்ஸைத் தாண்டுகிறது. ஏடிஎஸ்எல்2+ தன் இடத்தை 512 சிறு தடங்களாகப் பிரித்துக்கொள்ளும். மோடத்தை ஆன் செய்ததும் டிஎஸ்எல் விளக்கு கொஞ்ச நேரம் சிமிட்டுகிறதே, அப்போது இரு முனைகளும் தடம் தடமாக இரைச்சலை அளந்து, எந்தத் தடத்தில் எவ்வளவு சுமையை ஏற்றலாம் என்று ஒப்புக்கொள்கின்றன.

கம்பியை விட்டுவிட்டு எக்ஸ்சேஞ்சில் உள்ள கருவியை மட்டும் மாற்றினால் பழைய மோடத்துக்குப் பெரும்பாலும் வாழ்வு உண்டு. ஏடிஎஸ்எல்2+ கருவி பழைய ஏடிஎஸ்எல் மோடத்தோடும் பேசும். வேகம் மட்டும் பழையபடியே இருக்கும். விடிஎஸ்எல்2-க்கு மாறினால், அங்கே ஏடிஎஸ்எல்2+ முறையையும் விட்டுவைத்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். வைத்திருந்தால் பழைய மோடம் ஓடும். இல்லையென்றால் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், ஒருபோதும் நிலைக்காது. அதிர்வெண் கூடக் கூடத் தாமிரத்தில் அலை சீக்கிரம் தேயும் என்பதையும் மறக்கக் கூடாது. எக்ஸ்சேஞ்சிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டில் விடிஎஸ்எல் மோடம் வாங்கி வைத்தாலும் வேகம் கூடாது.

கம்பியே மாறும்போது

ஃபைபரில் ஓடுவது ஒளி. ஏடிஎஸ்எல் மோடத்தில் லைனுக்கென்று போன் கம்பியைச் செருகும் சிறிய துளைதான் இருக்கிறது. ஒளியை வாங்கும் கண் அதற்கு இல்லை. எந்த அடாப்டரைப் போட்டாலும் அது ஃபைபரில் நேரடியாகச் சேராது. இங்கே வேண்டியது ஓஎன்டி என்ற வேறு பெட்டி. நம் வீடுகளில் அதையும் மோடம் என்றே சொல்கிறோம்.

இந்தியாவில் வீடுகளுக்கு வரும் ஃபைபரில் அதிகம் வழங்கும் முறை ஜிபான். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2003-இல் இதற்கான தரத்தை வெளியிடத் தொடங்கியது. எக்ஸ்சேஞ்சிலிருந்து புறப்படும் ஒரே இழையை, மின்சாரமே தேவைப்படாத ஒரு ஸ்ப்ளிட்டர் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிட்டுவிடும். வீட்டுக்கு வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர். வீட்டிலிருந்து போவது 1310. வருகிற தரவு எல்லா வீட்டுப் பெட்டிகளுக்கும் போய்ச் சேரும். ஒவ்வொன்றும் தனக்குரியதை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளும். போகிற தரவு எல்லாமே ஒரே இழையில் கலந்தாக வேண்டும் என்பதால், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல ஒவ்வொரு பெட்டிக்கும் நொடியின் நுண்ணிய துணுக்கு ஒன்றை எக்ஸ்சேஞ்ச் ஒதுக்குகிறது. முறை தவறி ஒரு பெட்டி ஒளியை விட்டால் அந்தத் தெருவுக்கே இணைப்பு குலையலாம்.

அதனால்தான் எக்ஸ்சேஞ்ச் தனக்கு அறிமுகமில்லாத பெட்டியைப் பேச விடுவதில்லை. ஓஎன்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் 12 இடங்கள் கொண்ட சீரியல் நம்பர் இருக்கும்: முதல் நான்கும் தயாரித்தவரைக் குறிக்கும் எழுத்துகள், மற்ற எட்டும் அந்தப் பெட்டிக்கே உரிய அடையாளம். இந்த எண்ணை நிறுவனம் தன் கருவியில் பதிந்தால்தான் இணைப்பு உயிர் பெறும். கடையில் வாங்கிய பெட்டி எவ்வளவு விலையுயர்ந்ததானாலும் அதுவரை ஊமைதான்.

ஈபான் என்று இன்னொரு முறையும் இருக்கிறது. அதே இழை, அதே பிளக், அதே இரண்டு அலைநீளங்கள்; ஆனால் பேசும் விதம் வேறு. ஈபான் பெட்டியை ஜிபான் லைனில் செருகினால் பொருந்தும், பேசாது. எக்ஸ்பான் என்று அச்சிட்ட பெட்டிகள் இரண்டு விதமாகவும் பேசக்கூடியவை. இணைய வழியிலோ தெரிந்தவரிடமோ ஓஎன்டி வாங்குகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஏற்கெனவே ஜிபான் பெட்டி வைத்திருப்பவர்கள் அடுத்த மேம்பாட்டைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. 10 கிகாபிட் தரும் எக்ஸ்ஜிஎஸ்-பான் முறை 1577, 1270 நானோமீட்டர் அலைநீளங்களில் ஓடுகிறது. நான்கு அலைநீளங்களும் ஒரே இழையில் மோதாமல் போகும். எக்ஸ்சேஞ்ச் ஜிபானை நிறுத்தாத வரை உங்கள் பெட்டி பழையபடி ஓடும்.

பழைய பெட்டியை வீசிவிடாதீர்கள்

ஏடிஎஸ்எல் மோடம் ஃபைபரில் சேராது என்றாலும் அதற்குள் பெரும்பாலும் ஒரு வைஃபை ரௌட்டரும் இருக்கும். அதன் டிஹெச்சிபி வசதியை அணைத்து, முகவரியை ஓஎன்டியின் முகவரியோடு மோதாதபடி மாற்றி, ஓஎன்டியின் லேன் துளையிலிருந்து இதன் லேன் துளைக்கு ஒரு கேபிள் இழுத்தால் போதும். மாடி அறைக்கோ பின்கட்டுக்கோ அதுவே வைஃபை கொடுக்கும். லேன் துளை 100 மெகாபிட் வகையாக இருந்தால் அந்த அளவுக்கு மேல் வேகம் வராது. பாடம் படிக்கவும் படம் பார்க்கவும் அது தாராளம். வாடகைக்கு வந்த மோடமாக இருந்தால் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். உண்மையிலேயே கெட்டுப்போனதை மின்கழிவு எடுப்பவரிடம் சேருங்கள். வீட்டுக் குப்பையில் அதற்கு இடமில்லை.

ஆள் வரும் முன்பும் பின்பும்

நிறுவனத்தோடு பேசும் முன் பெட்டியின் ஸ்டிக்கரையும் பின்புறத் துளைகளையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கேளுங்கள்: உங்கள் லைன் ஜிபானா, ஈபானா? என் பெட்டியின் சீரியல் நம்பரைப் பதிந்து தருவீர்களா? லாகின் பெயர், பாஸ்வேர்டு, விலான் எண் என்ன? என் பிளானின் வேகத்துக்கு இந்தப் பெட்டியின் துளையும் வைஃபையும் ஈடுகொடுக்குமா?

இணைப்பு வந்த பிறகு விளக்குகளைப் பாருங்கள். பான் விளக்கு நிலையாக எரிய வேண்டும். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். லைன்மேனிடம் இருக்கும் மீட்டர், வந்து சேரும் ஒளியின் வலுவை டிபிஎம் கணக்கில் காட்டும். ஜிபானில் பொதுவாக −8-க்கும் −27-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு 3 குறையும்போதும் ஒளி பாதியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் −27-க்கும் கீழே போயிருந்தால் குறை லைனில் இருக்கிறது. மோடத்தை மாற்றிப் பயனில்லை. பச்சை பிளக்கின் முனை 8 பாகை சாய்வாகச் சீவப்பட்டது, நீல பிளக்குக்கு அந்தச் சாய்வு இல்லை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் செருகினால் ஒளி வீணாகும். இழையை இறுக்கி மடக்காதீர்கள். அதன் நுனியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் லேண்ட்லைன் எண்ணையே நம்பி இருந்தால், ஓஎன்டியில் போன் செருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். சில பெட்டிகளில் அது கிடையாது. தாமிரக் கம்பி இருந்த நாளில் சாதாரண போனுக்கு வேண்டிய மின்சாரத்தை எக்ஸ்சேஞ்சே அந்தக் கம்பி வழியாக அனுப்பிவந்தது. தெரு முழுக்க இருட்டானாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது அதனால்தான். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. கரண்ட் போனால் ஓஎன்டி அணையும், அதோடு போனும் அணையும். மழையும் காற்றும் மிரட்டும் இரவில்தான் அந்தப் போன் மிகவும் தேவைப்படும். ஓஎன்டிக்கென்றே 12 வோல்ட் சிறு யுபிஎஸ்கள் கடையில் கிடைக்கின்றன. பெட்டியின் அடாப்டரில் உள்ள வோல்ட், ஆம்பியர் எண்களோடு ஒப்பிட்டு வாங்க வேண்டும். தேவையில்லாத மோடத்துக்குப் போகாமல் மிஞ்சிய பணத்தில், லைன்மேன் வரும் நாளுக்கு முன்பே அதை வாங்கி வைத்துவிடுங்கள்.